யூதரின் உணவுத் துதிகளும் அவற்றின் பாடபேதங்களும்

உண்ணுமுன் கடவுளைத் துதித்தல் பல சமயத்தார்க்கும் பொதுவாயதோர் வழக்கம். யூத மக்களோ உண்டபின் துதித்தலையே தலையாய கடனாகக் கொண்டவர். பசித்திருப்பவன் கடவுளை நினைத்தல் எளிது; வயிறு நிரம்பியவன் நினைத்தல் அரிது. உபாகமத்தின் எட்டாம் அதிகாரத்தில், புசித்துத் திருப்தியடைந்த பின் நல்ல தேசத்தைத் தந்த கடவுளைத் துதிக்கவேண்டுமென மோசே கட்டளையிடுகின்றார். அதனையடுத்து, வீடும் மந்தையும் பொன்னும் பெருகிய காலத்து மனமேட்டிமை கொண்டு கடவுளை மறவாதிருக்குமாறு எச்சரிக்கின்றார். இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்றல் கருதத்தக்கது.

இக்கடனை நிறைவேற்றும் வாய்பாடு எபிரெய மொழியில் 'பிர்கத் ஹமாஸோன்' எனப்படும். உணவுத் துதி என்பது அதன் பொருள். இதனைத் தாங்கிய சிறு புத்தகங்கள் யூதர் இல்லங்களிற் பெருவழக்காக உள்ளன. வெவ்வேறு மரபினரின் இரண்டு புத்தகங்களை எடுத்து ஒப்பிடின், கட்டமைப்பு ஒன்றாயிருப்பச் சொற்கள் பலவிடத்தும் வேறுபடக் காணலாம். பாடபேதம் என்றவளவில் ஏடெழுதினோர் கைப்பிழை நினைவுக்கு வருதல் தமிழ் பயில்வார்க்கு இயல்பு. இத்துதியின் வேறுபாடுகளும் அத்தகையனவோ? ஒரு சில அவ்வாறாகலாம், பெரும்பாலன அல்ல. உண்பவன் தன் நிலைக்குப் பொய்யாகாத சொல்லால் நன்றி கூறவேண்டும் என்னும் கவலையே அவற்றுட் பலவற்றை விளைத்தது. இதனைக் காட்டுதலே இக்கட்டுரையில் யாம் மேற்கொண்ட கருத்து.

1. நான்கு துதிகள்

யூதர் நியாயங்களை அறிதற்குப் பழைய தொகைநூல், கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா. அதன்மேல் எழுந்த பேருரை போன்றது தல்மூத்து. உணவுத் துதி தோன்றிய வகையைப் பாபிலோனியத் தல்மூத்துப் பின்வருமாறு கூறும்: வனாந்தரத்தில் மன்னா பொழிந்தபோது, உலகனைத்தையும் ஊட்டுபவரைப் போற்றும் முதற்றுதியை மோசே அமைத்தார். இஸ்ரவேலர் கானானுட் புகுந்தபோது, நிலத்திற்காக நன்றி கூறும் இரண்டாந்துதியை யோசுவா அமைத்தார். எருசலேமைக் குறித்த மூன்றாந்துதியைத் தாவீதும் சாலொமோனும் அமைத்தனர். நான்காந்துதியோ, பேத்தாரில் மடிந்தவர் பொருட்டு யாவ்னே என்னும் ஊரிலிருந்த அறிஞரால் அமைக்கப்பட்டது.

முதன் மூன்றற்கும் கூறப்பட்ட ஆசிரியப் பெயர்களை மரபுரையாகவே கொள்ளல் தகும். எனினும், ஒவ்வொரு துதியும் அம்மக்கள் வாழ்வின் ஒவ்வொரு காலத்தினின்று பிறந்தது என்னும் உணர்ச்சி அம்மரபில் விளங்குகின்றது. ஈண்டு நான்காந்துதியைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். பார் கோக்பாவின் தலைமையில் உரோமர்க்கு மாறாகக் கி.பி. 132இல் எழுந்த கிளர்ச்சி, 135இல் பேத்தார் அரணின் வீழ்ச்சியோடு முடிவுற்றது. மடிந்தோரை அடக்கஞ் செய்ய முதலில் இசைவு கிட்டவில்லை என்றும், பின்னர்க் கிட்டியபோது அவ்வுடல்கள் அழியாதிருந்தன என்றும் மரபு கூறும். நான்காந்துதி கடவுளை நல்லவர் என்றும் நன்மை செய்பவர் என்றும் போற்றுகின்றது. உடல்கள் கெடாமை பற்றி 'நல்லவர்' என்றும், அடக்கம் வாய்த்தமை பற்றி 'நன்மை செய்பவர்' என்றும் தல்மூத்து இதற்குப் பொருளுரைக்கும். தோற்ற மக்கள் தாம் வென்றதாகப் பாடவில்லை. தம் துயரை மறைக்கவுமில்லை. தமக்கு மெய்யாக வாய்த்த ஒரு சிறு நன்மைக்கு அவர்கள் நன்றி கூறினர்.

மூன்றாந்துதியும் துயரத்தொடு தொடர்ந்ததே. கி.பி. 70இல் உரோமர் தேவாலயத்தை இடித்தபின், அத்துதி எருசலேமைக் கட்டியெழுப்புமாறு இறைஞ்சும் வேண்டுதலாக நிலைத்தது. துதி சொல்லுமுன் மேசைமேலுள்ள கத்திகளை மூடிவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு இரு காரணங் கூறுவர். உண்ணும் மேசை பலிபீடத்தை ஒத்தது. பலிபீடத்துக் கற்கள்மேல் இருப்பாயுதம் படலாகாது என்பது மோசேயின் பிரமாணம் என்பது ஒன்று. ஒருவர் மூன்றாந்துதியைச் சொல்லுங்கால் எருசலேமின் அழிவை நினைந்து ஆற்றாராய், மேசைமேலிருந்த கத்தியால் தம்மைக் குத்திக்கொண்டார் என்பது மற்றொன்று. ஓய்வுநாளில் கத்தியை மூடாமை பலர் வழக்கம். கதை எவ்வாறாயினும், இச்சொற்களை வாயளவிற் கூறாது மனத்தாற் கூறினவர் உளர் என்பதை அது நமக்கு உணர்த்தும்.

2. உண்போர் நிலையும் துதியின் அளவும்

உண்ணுமுன் சொல்லும் துதி உணவின் வகையால் வேறுபடும். அப்பத்திற்கு ஒன்று, திராட்சரசத்திற்கு ஒன்று, மரத்தின் கனிக்கு ஒன்று, மண்ணில் விளைவனவற்றிற்கு ஒன்று என மிஷ்னா வகுக்கும். நெடிய நான்கு துதிகளும் அப்பம் உண்டார்க்கே உரியன. அவ்வப்பமும் கோதுமை, வாற்கோதுமை முதலாய ஐவகைத் தானியங்களுள் ஒன்றால் ஆயதாதல் வேண்டும். அரிசியும் அவற்றோடு எண்ணப்படுமோ என வாதம் நிகழ்ந்தது. எண்ணப்படும் என்றார் ரபீ யோகனான் பென் நூரி. அவர் கொள்கை நிலைபெறவில்லை. ஆதலின் சோறு மட்டும் உண்ட யூதன் குறுந்துதி ஒன்றைச் சொல்லியே எழுவான். சோறே உணவாகிய நமக்கு இது வியப்பாகலாம். ஒரு நிலத்தின் பயிரை நினைந்து வகுத்த விதி, அம்மக்கள் பிற நிலங்களிற் குடியேறிய பின்னும் மாறாது நின்றமைக்கு இஃது ஒரு சான்று.

ஆயினும் விதி வகுத்தோர் உணவின் வகையொன்றையே நோக்கினாரல்லர். உண்பவன் நிலையையும் நோக்கினர். வேகவைத்த கீரையே ஒருவனுக்கு முழுவுணவாயின், அவனும் மூன்று துதிகளைச் சொல்லுக என்றார் ரபீ அகிபா. ஏழையின் கீரை அவனுக்கு விருந்தே என்பது அவர் கருத்துப்போலும். கூலிக்கு உழைப்போர்க்கு வேறொரு விதி உண்டு. நீண்ட துதியால் எசமானனுடைய நேரம் கழியலாகாது. ஆதலின் அவர்கள் முதற்றுதியை முழுதுங் கூறி, நிலத்தையும் எருசலேமையும் பற்றிய இரண்டையும் ஒன்றாக்கிக் கூறி, நான்காவதை விட்டுவிடலாம். எசமானனும் அவர்களோடு உடனிருந்து உண்பானாயின், அல்லது அவர்கள் பெறும் கூலி அவ்வுணவேயாயின், முழுத் துதியையுஞ் சொல்லவேண்டும். பிறன் பொருளாகிய நேரத்தைக் கவர்ந்து கடவுளுக்குக் காணிக்கையாக்குதல் நன்றன்று என்னும் நுட்பம் இவ்விதியில் அமைந்துள்ளது.

பென்யமீன் என்னும் இடையன் ஒருவனைப் பற்றியும் தல்மூத்துக் கூறும். அவன் கற்றவனல்லன். அப்பத்தை உண்டபின், இவ்வப்பத்தின் உடையவர் போற்றப்படுக என்னும் கருத்தமைந்த ஒரு சிறு வாக்கியத்தைத் தன் பேச்சுமொழியாகிய அராமியத்திற் சொன்னான். அவன் கடன் நிறைவேறியது என்றார் ராவ் என்னும் பேரறிஞர். அக்கடன் முதற்றுதியின் அளவினது எனப் பின் வரையறுத்தனர். உணவுத் துதியை எம்மொழியிலும் சொல்லலாம் என்பது மிஷ்னாவின் தெளிந்த விதி. ஆகவே மொழிவேறுபாடு தொடக்கத்திலேயே இசைவு பெற்றதொன்று.

மூவர் கூடியுண்டால், ஒருவர் ஏனையோரைத் துதிக்க அழைத்தல் வேண்டும். அவ்வழைப்பின் சொற்கள், உண்போர் மூவர், பதின்மர், நூற்றுவர், ஆயிரவர், பதினாயிரவர் என்னும் தொகைக்கேற்ப மாறும் என மிஷ்னா ஒரு வாய்பாடு தருகின்றது. ஜெபாலயத்தில் மிகப் பலர் கூடினும் சிலர் கூடினும் அழைப்பு ஒன்றே அன்றோ என ரபீ அகிபா வினவினார். பின்னாளில் மூவர், பதின்மர் என்னும் இரண்டற்கே வேறுபாடு நின்றது. விருந்தோம்பும் இல்லத்தில் அப்பத்தைப் பிட்கும் உரிமை இல்லத்தானுக்கும், துதியுரைக்கும் உரிமை விருந்தினனுக்கும் உரியது. இல்லத்தான் பிட்டால் தாராளமாகப் பிட்பான்; விருந்தினன் துதித்தால் இல்லத்தானை வாழ்த்துவான் என்பது காரணம்.

துக்க வீட்டில் உண்டார்க்கு நான்காந்துதியின் சொற்கள் மாறும். கடவுளை நல்லவரென்று கூறுவதனோடு, மெய்யான நியாயாதிபதி என்றுங் கூறுவர். பிள்ளையை இழந்த தாயின் முன்னும் மணமக்கள் முன்னும் ஒரே சொல்லை ஒரே தொனியிற் சொல்லுதல் பொருந்தாது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

எவ்வளவு உண்டால் துதிக்கவேண்டும் என்பதும் ஒரு வினா. பிரமாணமோ திருப்தியாக உண்டபின் துதிக்கச் சொல்கின்றது. அறிஞரோ ஓர் ஒலிவக்காயின் அளவு உண்டாலும் துதிக்க என்றும், ஒரு முட்டையின் அளவு என்றும் தம்முள் வாதிட்டனர். இதுபற்றித் தல்மூத்தில் அழகியதொரு கதை உண்டு. இஸ்ரவேலுக்குத் தேவரீர் முகதாட்சிணியம் காட்டுவதேன் எனத் தூதர் வினவுகின்றனர். திருப்தியடைந்தால் துதிக்க என்று யான் எழுதினேன். அவர்களோ ஒலிவக்காயளவுக்கும் முட்டையளவுக்கும் துதிக்கின்றனர். அவர்களுக்கு யான் இரங்காதிருப்பது எங்ஙனம் எனக் கடவுள் மறுமொழி பகர்கின்றார்.

3. சொல் வேறுபாடுகள்

இனிப் பாடபேதங்களுக்கு வருவோம். நெடுங்காலம் இத்துதி எழுதப்படாது வாய்மொழியாகவே வழங்கிற்று. ஒன்பதாம் நூற்றாண்டினரான அம்ராம் காவோன், 942இல் மறைந்த சாதியா காவோன், 1204இல் மறைந்த மைமோனிதஸ் ஆகியோர் தந்த பாடங்கள் தம்முள் வேறுபடுவன. கெய்ரோவின் பழைய ஜெபாலயத்துச் சுவடி அறையினின்று 1896–97ஆம் ஆண்டுகளில் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொணர்ந்த ஏடுகளால், பாலஸ்தீன நாட்டார் வழங்கிய பாடங்களும் வெளிப்பட்டன. அவற்றுட் சில செய்யுள் நடையின. இவற்றையெல்லாம் ஒப்பிட்டு மூலபாடத்தைக் காண 1928–29இல் லூயி ஃபிங்கெல்ஸ்டைன் முயன்றார். பின்வந்த யோசேப்பு ஹைனமன் (1915–1978) என்பார், தொடக்கத்தில் ஒரே மூலபாடம் இருந்ததென்பதே பொருந்தாது, கருத்தும் அமைப்பும் பொதுவாக நிற்கப் பல வாய்மொழி வடிவங்கள் உடன்வழங்கின என நிறுவ முற்பட்டார். வழிபாட்டு நூல்களுக்கு ஒரு தனி ஆசிரியரின் செய்யுளுக்குரிய பாட ஆராய்ச்சி முறை முற்றும் பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

எழுத்தளவான வேறுபாடுகளுக்கு இரண்டு காட்டுவாம். மூன்றாந்துதியில் கடவுளின் கையை நிறைந்தது, திறந்தது, பரிசுத்தமானது, அகன்றது எனப் புகழுமிடம் ஒன்றுண்டு. பரிசுத்தமானது எனப் பொருள்படும் 'கெதோஷா' என்னுஞ் சொல்லின் முதலெழுத்தை மாற்றி, நிரம்பி வழிவது எனப் பொருள்படும் சொல்லாகச் சிலர் ஓதுவர். நிறைவையும் விரிவையும் கூறும் வரிசையில் பரிசுத்தம் இடையே வருதல் இயையாது என்பது அவர் கருத்து. பொருளியைபு நோக்கிப் பாடங்கொள்ளும் உரையாசிரியர் முறை இஃதே.

மற்றொன்று இன்னும் சுவையுடையது. இறுதியில் அரசனுக்கு அருளப்பட்ட இரட்சிப்பைக் கூறும் வாக்கியத்தில், வாரநாட்களில் 'மக்தில்' என்றும் ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் 'மிக்தோல்' என்றும் ஓதுவர். முன்னது பெருகச் செய்பவர் எனவும் பின்னது கோபுரம் எனவும் பொருள்படும். முன்னது பதினெட்டாஞ் சங்கீதத்தின் பாடம். பின்னது சாமுவேலின் இரண்டாம் புத்தகத்து இருபத்திரண்டாம் அதிகாரத்தின் பாடம். நாள்தோறும் ஒன்றும் ஓய்வுநாளில் ஒன்றுமாக ஓதுவதேன்? 'சாமுவேல் இரண்டாம் புத்தகத்தில்' என ஓரத்திற் குறித்த சுருக்கெழுத்தை, 'ஓய்வுநாளில்' என்பதன் சுருக்கமாகப் பிறழக்கொண்டனர் என பாருக் எப்ஸ்டைன் (1860–1941) விளக்கினார். இவ்விளக்கம் கேட்டார் உள்ளத்தைக் கவர்வது, ஆயினும் தடையுடைத்து. ஓய்வுநாளுக்குரிய இவ்வேறுபாட்டை 1340ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டு அபுதர்ஹாம் குறித்துள்ளார். சாமுவேலை இரண்டு புத்தகமாகப் பகுக்கும் முறையோ, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்து வெனிஸ் அச்சுப்பதிப்பின் பின்னரே யூதரிடை வழக்கூன்றிற்று. பிழையென எளிதிற் கூறிவிடத்தக்க பாடமும் பிழையன்றாதல் கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கிறிஸ்தவராகிய நமக்கும் இவ்வாராய்ச்சியிற் பங்குண்டு. ஆண்டவர் அப்பத்தை எடுத்து, துதித்து, பிட்டுக் கொடுத்தார் எனச் சுவிசேஷங்கள் கூறும் ஒழுங்கு, யூத இல்லத்தின் ஒழுங்கே. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்திற் பவுல் குறிக்கும் ஆசீர்வாதத்தின் பாத்திரம், உணவுத் துதிக்குரிய திராட்சரசக் கிண்ணத்தை நினைப்பூட்டும். 'பன்னிரு அப்போஸ்தலர் போதகம்' என்னும் பழைய நூலைக் கொன்ஸ்தாந்தினோப்பிளில் 1873இல் பிலோதேயோஸ் பிரியெனியோஸ் கண்டெடுத்து 1883இல் வெளியிட்டார். திருப்தியாக உண்டபின் சொல்லவேண்டிய ஜெபம் ஒன்று அதன் பத்தாம் அதிகாரத்தில் உள்ளது. அஃது யூதரின் உணவுத் துதியை ஒட்டி அமைந்தது எனப் பல அறிஞர் கருதுவர். எருசலேமுக்காக வேண்டும் இடத்தில், நாற்றிசையினின்றும் திருச்சபை ஒன்றுசேர்க்கப்பட வேண்டுமென அது வேண்டுகின்றது. நம் முன்னோரும் ஒரு பாடபேதத்தை ஆக்கியவரே என்னலாம்.

4. துதிப் புத்தகங்கள்

அச்சு வந்தபின் இத்துதி தனிப் புத்தகமாயிற்று. ஓய்வுநாட் பாடல்களும் உணவுத் துதியும் அடங்கிய புத்தகம் ஒன்று, மரச்செதுக்குப் படங்களோடு 1514இல் பிராகு நகரில் அச்சாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் மத்திய ஐரோப்பாவில், தோலேட்டில் கையாலெழுதி வண்ணப்படம் வரைந்த சிறு புத்தகங்கள் மணமகளுக்குப் பரிசாக வழங்கப்பெற்றன. கிழக்கு ஐரோப்பிய யூதர் மொழியாகிய யித்திஷில் இப்புத்தகத்தைப் 'பென்ச்சர்' என்பர். ஆசீர்வதித்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் இது. எபிரெயத்தில் 'பிர்கோன்' என்பர். இக்காலத்தும் மணமக்கள் பெயரும் நாளும் அட்டையிற் பொறித்து விருந்தினர்க்கு இதனை வழங்குவர். ஆதலின் ஓர் இல்லத்துப் பெட்டியில் பல ஆண்டுகளின், பல மரபுகளின் புத்தகங்கள் கலந்து கிடத்தல் இயல்பு. ஒரே மேசையில் இருப்போர் வெவ்வேறு பாடங்களைக் கையில் வைத்திருத்தலும் இயல்பு.

நம் நாட்டிலும் இதற்குத் தொடர்புண்டு. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலர்க்கென, உணவுத் துதியும் அடங்கிய பஸ்கா ஒழுங்கு மராத்தி மொழிபெயர்ப்புடன் 1846இல் பம்பாயிலும், படங்களுடன் 1874இல் பூனாவிலும் வெளிவந்தது. எம்மொழியிலும் சொல்லலாம் என்னும் பழைய விதியின் பயனை ஈண்டுக் காண்கின்றோம்.

புத்தகங்கள் வேறுபடும் வகையைச் சுருங்கக் கூறுவாம். அஷ்கெனாசியர் புத்தகங்களில், வாரநாட்களில் பாபிலோன் சிறையிருப்பின் கண்ணீரைப் பாடும் 137ஆம் சங்கீதமும், ஓய்வுநாட்களில் சீயோனுக்குத் திரும்பிய மகிழ்ச்சியைப் பாடும் 126ஆம் சங்கீதமும் துதிக்கு முன் நிற்கும். விருந்தினன் இல்லத்தானை வாழ்த்தும் பகுதி செபார்தியர் புத்தகங்களில் விரிவாகவும், அஷ்கெனாசியர் புத்தகங்கள் பலவற்றிற் சுருங்கியும் இருக்கும். 1948இல் இஸ்ரவேல் நாடு அமைந்தபின், அந்நாட்டுக்கும் அதன் போர்வீரர்க்கும் வேண்டும் வாக்கியங்களைச் சிலர் சேர்த்தனர், பிறர் சேர்த்திலர். மிஷ்னா பெண்டிரைத் துதிக்கு அழைக்கும் தொகையில் எண்ணவில்லை. பெண்டிர் தம்முட் கூடி அழைக்கலாம் எனத் தல்மூத்து இசைந்தது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்னும் பெயர்களோடு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் என்னும் அன்னையர் பெயர்களையும் புதிய புத்தகங்கள் சில சேர்த்துள்ளன. மேசையில் அமர்ந்திருப்பவர் துதியிலும் இடம்பெறல் வேண்டும் என்பது அவற்றைத் தொகுத்தோர் கருத்து.

5. பசியுள்ளார் முன்னிலையில்

இவையனைத்தினும் எம் உள்ளத்தைப் பெரிதும் தொட்ட வேறுபாடு ஒன்று உண்டு. அஷ்கெனாசியர் துதியின் முடிவில் 37ஆம் சங்கீதத்தின் 25ஆம் வசனம் வரும். தான் இளைஞனாயிருந்து முதியவனாகியும், நீதிமான் கைவிடப்பட்டதையும் அவன் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிவதையும் கண்டதில்லை என்பது அதன் கருத்து. இது மெய்யோ? நீதிமான்களின் பிள்ளைகள் இரத்தலை நாம் காணவில்லையோ? உடனுண்பார் வறியராயிருப்பின், அவர் செவிபட இதனைப் பாடுதல் அவரைப் புண்படுத்தாதோ? இவ்வாறு ஐயுற்று, இதனைத் தாழ்ந்த குரலிற் சொல்வாரும், சொல்லாது விடுவாரும், வேறு வாக்கியத்தை வைப்பாரும் உளர். 1991 முதல் 2013 வரை பிரிட்டனின் தலைமை ரபீயாயிருந்த ஜோனதன் சாக்ஸ் எடுத்துக்காட்டிய உரை வேறொன்று. எஸ்தர், தன் மக்களின் அழிவை எவ்வாறு பார்த்துச் சகிப்பேன் என முறையிடுமிடத்தும் இதே வினைச்சொல் வந்துள்ளது. அதனை நோக்கி, 'கண்டதில்லை' என்பதற்குக் 'கண்டு வாளா இருந்ததில்லை' எனப் பொருள்கொள்வர். இவ்வுரையின்படி அவ்வசனம் உலக நிலையைக் கூறுவதன்று. ஒருவன் தன் ஒழுக்கத்தைக் கூறுவதாம். அங்ஙனமாயின் அதனைச் சொல்வார் கடன் மிகப் பெரிது. இரப்பவனைக் கண்டு வாளா இருந்தவன் அதனை எவ்வாறு சொல்வான்?

இறுதியாக ஒரு செய்தி. 1944ஆம் ஆண்டுப் பஸ்காவில், நாசியரின் பெர்கன்-பெல்சன் சிறைமுகாமில் இருந்த யூதர்க்குப் புளிப்பில்லா அப்பம் கிடைக்கவில்லை. பஸ்கா நாட்களில் புளித்த அப்பத்தை உண்ணல் பிரமாணத்துக்கு மாறு. உண்ணாதொழியின் உயிர் நில்லாது. ஆங்கிருந்த ரபீகள் உண்ணுமாறு விடை தந்து, அதனை உண்ணுமுன் சொல்லுதற்கு ஒரு ஜெபத்தையும் ஆக்கினர். தேவரீர் சித்தப்படி பஸ்காவை ஆசரிக்கவே எம் விருப்பம். அடிமைத்தனம் எம்மைத் தடுக்கின்றது. பிரமாணத்தால் மனிதன் பிழைக்கவேண்டும் என்னும் கட்டளையை நிறைவேற்ற ஆயத்தமாயிருக்கின்றோம். எம்மை உயிரோடு காத்து விரைவில் விடுவித்தருளும் என்னும் கருத்தமைந்தது அது. விலக்கப்பட்ட உணவை விலக்கப்பட்டதென மறையாது கூறி, அதனையும் வணக்கத்தோடு உண்டனர். பேத்தாரின் பின் நான்காந்துதியை அமைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்பதில் ஐயமுண்டோ?

இதுகாறும் கூறியவற்றால், யூதரின் உணவுத் துதியில் மாறாது நிற்பன நான்கு பொருள்கள் என்பதும், மாறும் சொற்கள் பலவும் உண்பவன் நிலத்தையும் காலத்தையும் இல்லாமையையும் துயரையும் தழுவி மாறின என்பதும் விளங்கும். கூலியாள் சுருக்கிச் சொன்னான். இடையன் தன் மொழியிற் சொன்னான். துக்கமுடையோர் வேறு பெயரால் அழைத்தனர். சிறைப்பட்டோர் புதிதாக ஆக்கினர். நாமும் விடுதிப் பந்தியில் நாள்தோறும் ஒரு ஜெபத்தைச் சொல்லி அமர்கின்றோம். அதன் சொற்களை மாற்றவேண்டுமென்று யாம் கூறவில்லை. அவற்றைச் சொல்லுமுன், அவை நம் வாயில் மெய்யாகின்றனவோ என ஒரு கணம் நினைந்தும், அவ்வேளையில் உணவின்றி இருப்பார் யாவர் என நோக்கியும் அமர்வோமாயின், இவ்வாராய்ச்சி பயனுடைத்தாம்.